தராசுக்காரர் சொன்ன பொய்

அத்தியாயம் பதினொன்று

குளியலறை வாசலில் கிடந்த எடை மேடையில் ஏறி நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள் மேல்வீட்டம்மா.

முள் தொண்ணூற்றொன்பதரையில் நின்றது.

இறங்கினாள். மறுபடி ஏறினாள். அதே தொண்ணூற்றொன்பதரை.

"என்னங்க! ஓடி வாங்க! நூறு உடைஞ்சுடுச்சு!"

அவள் கணவர் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். தராசு பழுது பார்க்கிறவர். கடைத்தெரு முழுக்க அவரைத் தராசுக்காரர் என்றுதான் கூப்பிடும்.

"அப்படியா? நல்லதாப் போச்சு. அப்போ இன்னிக்காவது ரெண்டு ரொட்டி சாப்பிட்டுட்டுப் போ" என்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பால் பொங்கி வழிந்துவிடுமோ என்பதுபோலப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பை அணைத்து வெகுநேரம் ஆகியிருந்தது.

அவள் அதைக் கவனிக்கவில்லை. சந்தோஷத்தில் இருப்பவர்களுக்குக் கண் கொஞ்சம் மங்கல்தான்.

முதல் அத்தியாயத்திலிருந்து கூடவே வருகிறவர்களுக்கு இந்த நூறு எவ்வளவு பெரிய மதில் என்று தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறோம்.

சரக்குப் பெட்டிகளை அடுக்கும் முற்றத்தில் பதினொரு வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறவள் இவள். எழுபத்திரண்டு படி இரும்பு ஏணி. உச்சியில் ஒரு கண்ணாடி அறை. பகலெல்லாம் அங்கேயே இருப்பதால் 'மேல்வீட்டம்மா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டு மாதத்துக்கு முன் ஏணி ஏறுகிறவர்களுக்குப் புதுப் பாதுகாப்பு பெல்ட் வந்தது. கால் தவறினால் தாங்கிப் பிடிக்கிற பெல்ட். அதன் ஓரத்தில் 'நூறு கிலோ வரை' என்று தைத்திருந்தது. அன்று இவள் எடை நூற்றேழு.

அன்றே கீழே இறக்கிவிட்டார்கள். மாற்று ஆள் மேலே போனார். இவள் கையில் வாக்கி-டாக்கியைக் கொடுத்து, தரையிலிருந்து சைகை சொல்லும் வேலை கொடுத்தார்கள். இந்த மாதக் கடைசிக்குள் நூறுக்குக் கீழே வந்தால் அவள் இருக்கை அவளுக்கு. வராவிட்டால் அது மாற்று ஆளுக்கே.

மருத்துவமனை நர்ஸ் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். மூணு வேளையும் சாப்பிடுங்க. தட்டில் பாதி காய்கறி. தினம் அரை மணி நடை. நல்ல தூக்கம். வாரத்துக்கு அரை கிலோ குறைஞ்சா போதும். அதைப் படித்துவிட்டு இவள் சிரித்தாள். மாதக் கடைசி கழுத்தைப் பிடிக்கிறது, இந்த நர்ஸ் அரை கிலோ என்கிறாளே என்று தாளை மடித்து அலமாரியில் போட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் நாத்தனார் இரண்டு டப்பா இளைக்கிற பொடியோடு வந்தாள். "பட்டினிகூட இல்லடி இது. சாப்பாட்டுக்குப் பதிலா காலைல ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். இருபத்தோரு நாள்ல நீ யாருன்னு கண்ணாடிக்கே அடையாளம் தெரியாது." போகிற போக்கில் பதினாறு வயது மகள் வாலுவின் கன்னத்தையும் கிள்ளினாள். "நீயும் பார்த்து நடந்துக்கோ. உடம்பு வாகு அப்படியே உங்கம்மா."

எல்லாரும் சிரித்தார்கள். வாலுவும் சிரித்தாள்.

இன்று பத்தொன்பதாம் நாள்.

"அம்மா, நான் கிளம்பறேன்" என்று வாசலில் செருப்பு மாட்டினாள் வாலு.

"சாப்பிட்டியா?"

"பசியில்லைம்மா. கூடப் படிக்கிறவ டப்பா கொண்டு வருவா."

"என்னடி எப்பப் பார்த்தாலும் அவ டப்பா? சரி, என் எடை கேட்டியா? தொண்ணூற்றொன்பதரை!"

"சூப்பர்ம்மா" என்றாள் வாலு. படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நாலு படியை ஒரே தாவலில் தாண்டுகிறவள் என்பதால்தான் அந்தப் பெயரே வைத்தார்கள்.

அதையும் மேல்வீட்டம்மா கவனிக்கவில்லை.

முற்றத்துக்குப் போனதும் பாதுகாப்பு அதிகாரியின் மேஜை முன்னால் நின்றாள்.

"சார், இன்னிக்கே எடை பாருங்க."

"மாசக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கேம்மா. என்ன அவசரம்?"

"என் அறைக் கண்ணாடியை அந்த மனுஷன் துடைக்கறதே இல்லை சார். கீழே இருந்து பார்த்தாலே வயிறு எரியுது."

அதிகாரி சிரித்துக்கொண்டே எழுந்தார். முதலுதவி அறைக்கு வெளியே இருந்த தராசைச் சுற்றி ஏற்றுகூலிகள், லாரி ஓட்டுநர்கள் எனப் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். வேடிக்கை என்றால் யாருக்குத்தான் வேலை ஞாபகம் இருக்கும்?

ஏறினாள். சிவப்பு எண்கள் ஓடி நின்றன.

நூற்று மூன்று புள்ளி நாலு.

யாரோ பின்னாலிருந்து, "மேல்வீட்டம்மா இன்னும் கீழ்வீட்டுலதான்!" என்றார். சிரிப்பு கிளம்பியது.

"உங்க தராசு தப்பு" என்றாள் அவள். குரல் உயர்ந்தது. "காலைல எங்க வீட்டுல பார்த்துட்டுத்தான் வர்றேன். என் வீட்டுக்காரர் தராசு பொய் சொல்லாது."

அதிகாரிக்குச் சங்கடமாக இருந்தது. மெல்லக் குனிந்து தராசின் பக்கவாட்டைக் காட்டினார். "அம்மா, போன மாசம் இதைச் சரிபார்த்து முத்திரை வெச்சதே உங்க வீட்டுக்காரர்தான்."

ஈய முத்திரை. அதன் பக்கத்தில் ஊசியால் கீறிய இரண்டு சிறு கோடுகள். தானே எடைக்கல் வைத்துச் சோதித்த தராசில் மட்டும் அவர் போடுகிற கோடு அது. இந்தத் தராசு சரியென்று அவர் கையே சொல்கிறது.

அப்படியானால் வீட்டில் இருக்கிறது?

எள்ளளவு கூட்டி வைக்கச் சொன்ன கடைக்காரரின் தராசைத் தொடாமலே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த மனுஷர். அவர் வீட்டுத் தராசு தப்பாக இருக்க முடியாது. யாராவது கை வைத்தால் தவிர. அந்த வீட்டில் தராசில் கை வைக்கத் தெரிந்தவர் ஒருவர்தான்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒன்பது நாள் இருக்கு" என்றார் அதிகாரி, ஆறுதலாகத்தான். "மூணரை கிலோதானே? வாயைக் கட்டினா முடியும்."

அவள் தலையாட்டிவிட்டு நடந்தாள். தரை கொஞ்சம் சரிந்ததுபோல இருந்தது. கேன்டீன் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள வா" என்றாள் கேன்டீன் அக்கா. தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். "சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி இருக்கு மூஞ்சி. பத்தொன்பது நாளா என் கண்ணுல படாம ஒளிஞ்சு ஒளிஞ்சு போறே. நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?"

முன்னால் ஒரு தட்டு வந்தது. வேக வைத்த முட்டை இரண்டு, ரொட்டி, ஆவி பறக்கும் காய்கறி.

"வேண்டாம்க்கா."

"உனக்குன்னு தினமும் எடுத்து வெச்சேன். நீ வரல. வீணாக்கக் கூடாதேன்னு தினமும் நானே தின்னேன். நீ இளைக்கறேன்னு சொல்லி எனக்கு ரெண்டு கிலோ ஏறிடுச்சு. இன்னிக்கும் சாப்பிடலைன்னா அடுத்த பெல்ட்டு எனக்குத்தான் பத்தாது."

மேல்வீட்டம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கண்ணை மூடி ஒரு நிமிஷம் கைகூப்பினாள். பிறகு சாப்பிட ஆரம்பித்தாள். ஆண்டவன் எப்போதும் பெரிய வெளிச்சத்தோடு வந்து நிற்பதில்லை. சில நாள் யாரோ எடுத்து வைத்த ஒரு தட்டாக வந்துவிடுகிறான்.

பாதி சாப்பிட்டிருப்பாள். வெளியே கூச்சல். ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். மாற்று ஆள் ஒரு பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். அவசரம். பெட்டி மளமளவென்று இறங்கி நடுவில் திடீரென்று நிற்க, கம்பியில் ஊஞ்சலாக ஆடியது. கீழே நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். ஆடி, ஆடி, ஒருவழியாக நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"மடையன்" என்று முணுமுணுத்தாள். "ஏத்தறதுக்கு மெஷின் போதும். இறக்கறதுக்குத்தான் ஆள் வேணும்."

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பதினொரு வருஷத்தில் ஒரு பெட்டியைக்கூட அவள் அப்படி இறக்கியதில்லை. பின்னே தன் உடம்பை மட்டும் பத்தொன்பது நாளாக எப்படி இறக்கிக்கொண்டிருக்கிறாள்?

மீதி முட்டையையும் சாப்பிட்டாள். கை கழுவினாள். நேராக அதிகாரி அறைக்குப் போனாள். இந்த முறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சார், இருபது டன் பெட்டியை நான் ஒரேயடியாக் கீழே விட்டா நீங்க என்ன செய்வீங்க?"

"அன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிடுவேன்."

"அப்போ என் உடம்பை மட்டும் ஒன்பது நாள்ல விடச் சொல்றீங்களே, அது என்ன நியாயம்?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"பத்து நாளைக்கு முன்னாடி குளியலறை வாசல்ல மயங்கி விழுந்தேன் சார். தரையிலதான். அதே மயக்கம் அம்பதாவது படியில வந்திருந்தா? உங்க பெல்ட்டு என் எடையைத் தாங்கும். என் மயக்கத்தைத் தாங்குமா?"

"விதின்னு ஒண்ணு இருக்கேம்மா."

"விதியை நான் மீறலையே. நூறுக்குக் கீழே வர்ற வரைக்கும் முதல் படியில கால் வைக்க மாட்டேன். ஆனா இனிமே பட்டினி கிடக்கவும் மாட்டேன். வாரத்துக்கு அரை கிலோ, நர்ஸம்மா சொன்ன கணக்கு. பத்து வாரம் குடுங்க. அதுவரைக்கும் என் இருக்கையை யாருக்கும் எழுதி வைக்காதீங்க."

"மேலிடம் ஒத்துக்கணுமே. அவங்க தேதி பார்ப்பாங்க, உங்களைப் பார்க்க மாட்டாங்க."

"அப்போ என்னைப் பார்க்கச் சொல்லி எழுதுங்க. கூடவே இன்னொண்ணும் கேளுங்க. இதைவிட அதிக எடை தாங்கற பெல்ட்டு செய்யறாங்களாமே? ஏன் அதை வாங்கலைன்னு."

அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "உங்க கையால எழுதிக் குடுங்க. அனுப்பறேன். உறுதி சொல்ல முடியாது."

அவள் எழுதினாள். கெஞ்சுகிற வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை.

மத்தியான இடைவேளையில் முற்றத்து வேலியோரமாக ஒரு சுற்று நடந்தாள். ஏற்றுகூலிகள் பார்த்துச் சிரித்தார்கள். "என்னம்மா, நடந்தே மேலே போகப் போறீங்களா?"

"ஆமா. பதறாத காரியம் சிதறாது. நீங்க ஓடி வாங்க, நான் நடந்தே வந்து சேர்றேன்."

இரண்டாவது சுற்றில் கேன்டீன் அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்துகொண்டாள். "என் ரெண்டு கிலோவுக்கு நீதான் பொறுப்பு" என்றாள்.

வெயில் தாழ்ந்த நேரம் வீட்டுக்கு வந்தாள். தராசுக்காரர் முன் அறையில் ஏதோ கடைத் தராசைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, எடைக்கல் எடுத்துட்டு வாங்க."

"எது?"

"இருபது கிலோக் கல். அஞ்சையும்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனாலும் எழுந்தார். ஒவ்வொரு கல்லாகத் தூக்கி வந்து, குளியலறை வாசலில் எடை மேடையின் மேல் அடுக்கினார். அஞ்சு கல். சரியாக நூறு கிலோ.

முள் தொண்ணூற்றாறில் நின்றது.

கல்லை எடுத்ததும் முள் ஒழுங்காகப் பூஜ்யத்துக்கு வந்தது. சும்மா இருக்கும்போது சத்தியம் பேசும். ஆள் ஏறினால்தான் பொய் சொல்லும். கைதேர்ந்த தொழிலாளி செய்த வேலை.

"எப்போ?" என்றாள்.

"நீ இங்கே விழுந்து கிடந்தியே, அன்னிக்கு" என்றார் தரையைப் பார்த்தபடி. "நான் தூக்கினேன். கண்ணைத் தொறந்ததும் நீ கேட்ட முதல் வார்த்தை, முள்ளு எங்கே நிக்குதுன்னு. எனக்கு உயிரே போயிடுச்சு. முள்ளு கீழே வந்தா நீ ஒரு வாய் சாப்பிடுவேன்னு நினைச்சேன். கொஞ்சமாத்தான் திருகினேன்."

"சாப்பிட்டேனா?"

"இல்லை. அதனால இன்னும் கொஞ்சம் திருகினேன்."

"அப்பவாவது?"

"அப்பவும் சாப்பிடல."

இருபத்தைந்து வருஷம் நேர்மையாக வேலை செய்த கை, மடியில் வெறுமனே கிடந்தது. அவளுக்குக் கோபம் இருந்தது. பதினைந்து பேர் முன்னால் சிரிப்புக்கு ஆளான கோபம். ஆனால் அந்தக் கையைப் பார்த்ததும் கோபத்துக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று.

"இன்னிக்கு எத்தனை பேர் முன்னாடி உங்க தராசு பொய் சொல்லாதுன்னு சத்தம் போட்டேன் தெரியுமா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என் மேல இரக்கம் வந்தா தட்டுல போடுங்க. தராசுல போடாதீங்க" என்றாள். "இப்பவே சரி பண்ணுங்க. கோடும் போடுங்க."

அவர் சரி செய்தார். கற்கள் மறுபடி ஏறின. நூறு. இரண்டு கோடு கீறினார். அவள் ஏறி நின்றாள். மத்தியானச் சாப்பாடும் சேர்ந்து நூற்று மூன்றே முக்கால். அந்த எண்ணைத் தானே பென்சிலால் சுவரில் எழுதினாள், வீட்டுக்கு வருகிற எவரும் படிக்கிற அளவுக்குப் பெரிதாக. அலமாரியிலிருந்து நர்ஸ் கொடுத்த தாளை எடுத்து அதன் கீழே ஒட்டினாள்.

ஒட்டி முடிக்கவும் நாத்தனார் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

"இதென்னடி சுவத்துல? நூத்து மூணா? இன்னும் ரெண்டு நாள்தானே பாக்கி! முதல் டப்பா தீர்ந்திருக்குமே, ரெண்டாவதை ஆரம்பி. தண்ணியைக் கொஞ்சம் குறைச்சுக்கோ..."

"வேண்டாம்க்கா. நிறுத்திட்டேன்."

"நிறுத்திட்டியா? அப்புறம் எப்படி மேலே ஏறுவே?"

"மெதுவா."

"மெதுவா ஏறுவாளாம்! நான் உன் நல்லதுக்குச் சொல்றேன். உடம்பைப் பார்த்து ஊரே சிரிக்குது..."

"சிரிக்கட்டும்க்கா. ஊர் வாயைக் கட்டறதுக்கு என் வயித்தை ஏன் கட்டணும்?" என்று சொல்லிவிட்டு நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க நல்ல மனசோடதான் கொண்டு வந்தீங்க. அது எனக்குத் தெரியும். உட்காருங்க, எங்ககூடச் சாப்பிடுங்க. நீங்களும் வயிறாரச் சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆச்சோ."

நாத்தனார் கழுத்தெலும்பு மேல் புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். அவளை அப்படி யாரும் கேட்டதே இல்லை போலிருக்கிறது.

"அந்த இன்னொரு டப்பாவை அக்காகிட்டக் குடுத்துடுங்க. பிரிக்கவே இல்லை" என்றாள் மேல்வீட்டம்மா.

தராசுக்காரர் அலமாரி மேலிருந்து டப்பாவை எடுத்தார். எடுத்தவர் கொடுக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து லேசாக ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"இது ஒரு கிலோ டப்பாதானே?"

"ஆமா."

"இதுல அறுநூறு கிராம்கூட இல்லையே."

"நான் தொடவே இல்லைங்க!"

டப்பாவை வெளிச்சத்தில் திருப்பினார். மூடியைச் சுற்றியிருந்த காகித ஒட்டு, கத்தி முனையால் மயிரிழை பிசகாமல் கீறப்பட்டு, மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. யார் பார்த்தாலும் முழு டப்பா என்றுதான் சொல்வார்கள். அவ்வளவு நுணுக்கமான கை. அவருடைய கையைப் போலவே.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் நாலாவதாக ஒரு ஆள்தான்.

"கூடப் படிக்கிறவ டப்பா கொண்டு வருவா" என்று மேல்வீட்டம்மாவின் உதடு தானாக முணுமுணுத்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிய கால்கள், இப்போதுதான், பன்னிரண்டு மணி நேரம் கழித்து, அவள் கண்ணுக்குத் தெரிந்தன.

பள்ளி விட்டு வந்ததிலிருந்து மகளின் அறைக் கதவு உள்ளே தாழிட்டே இருந்தது.

"வாலு. சாப்பிட வாடி."

"பசியில்லைம்மா."

"டப்பாவைப் பார்த்துட்டோம்மா."

உள்ளேயிருந்து, தண்ணீருக்கு அடியில் பேசுவதுபோல ஒரு குரல். "நிறுத்தினா உன்னை மாதிரி ஆயிடுவேனாம்மா?"

பின்னால் நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேல்வீட்டம்மாவுக்குப் பதினைந்து பேர் சிரித்தபோது வலிக்காத இடம் ஒன்று இப்போது வலித்தது. சமையலறைக்குப் போனாள். இரண்டு தட்டில் சாப்பாடு போட்டாள். பாதித் தட்டு காய்கறி, தாளில் இருந்தபடியே. வந்து, கதவுக்கு நேர் எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஒரு தட்டைத் தன் முன்னாலும் இன்னொன்றைக் கதவோரமும் வைத்தாள்.

"என்னை மாதிரி ஆனா என்னடி?" என்றாள். குரலில் நடுக்கம் இல்லை. "எழுபத்திரண்டு படி ஏறின உடம்பு இது. உன்னைச் சுமந்த உடம்பு. இதை நான் திட்டித் திட்டி உனக்கும் திட்டக் கத்துக் குடுத்துட்டேன். அது என் தப்பு. இனிமே இந்த வீட்டுல யாரும் பட்டினி கிடக்க மாட்டாங்க. நான் இங்கேதான் சாப்பிடறேன். மெதுவாத்தான் சாப்பிடுவேன். எனக்கு அவசரம் இல்லை."

முதல் வாயை எடுத்து வைத்தாள். உள்ளே தாழ்ப்பாளின் மேல் ஒரு கை படும் சத்தம் கேட்டது.

அவ்வளவுதான். தாழ்ப்பாள் நகரவில்லை. அடுத்த நொடி, ஏதோ கனமாகத் தரையில் சரியும் சத்தம்.

"என்னங்க!" என்று எழுந்தாள் அவள். "கதவை உடைங்க!"